உலையில் போடும் அரிசி: நீரிழிவும் கணவன் மனைவியும்

மருத்துவரின் அறையில் அடிக்கடி காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. ஐம்பதைக் கடந்த ஒருவர் தம் மனைவியோடு உள்ளே வந்து அமர்கிறார். காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று மருத்துவர் கேட்டதும் "ரெண்டு இட்லிதான் சார்" என்று அவர் தொடங்க, "நாலு" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து திருத்தம் வருகிறது. மதியம் எவ்வளவு சாதம், நாளைக்கு எத்தனை காபி, அதில் எத்தனை கரண்டிச் சர்க்கரை, இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேள்விகள் நீள நீள, பதில் சொல்லும் பொறுப்பு முழுவதும் மனைவியிடம் போய்ச் சேர்கிறது. சற்று நேரத்தில் மருத்துவரும் அவர் பக்கமாகத் திரும்பிக்கொள்கிறார். மருந்துச்சீட்டில் இருப்பது கணவரின் பெயர், அறிவுரையோ மனைவிக்கு. நோய் ஒருவர் உடம்பில் இருந்தாலும், அதைக் கட்டுக்குள் வைக்கும் வேலை மளிகைச் சீட்டிலும் அடுப்படியிலும் படுத்து எழும் நேரத்திலும்தான் நடக்கிறது என்பதை அந்த அறை சொல்லாமலே ஒப்புக்கொள்கிறது. ஆனால் துணையாக இருப்பவர் எதைச் செய்தால் உதவி, எதைச் செய்தால் உபத்திரவம் என்று பேச அங்கே நேரம் இருப்பதில்லை. அடுத்த டோக்கன் காத்திருக்கிறது.

இந்தப் பேச்சு தேவைப்படும் வீடுகள் எத்தனை என்பதை ஓரளவு துல்லியமாகவே சொல்ல முடியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து 2008 முதல் 2020 வரை மாநிலம் மாநிலமாக நடத்திய கணக்கெடுப்பின் முடிவுகள் 2023 இல் வெளியாயின. அதன்படி நாட்டின் வயதுவந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு உள்ளது; இன்னும் 15.3 விழுக்காட்டினர் அதன் வாசலில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டின் அளவு 14.4 விழுக்காடு, பக்கத்திலிருக்கும் புதுச்சேரியில் அது 26.3. இவ்வளவுக்கும் இந்நோய்க்கான தனிச்சிகிச்சை நமக்குப் புதியதன்று. டாக்டர் எம். விசுவநாதன் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்றே ஒரு புறநோயாளர் பிரிவைத் தொடங்கியது 1948 இல். ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாகச் சிகிச்சை வளர்ந்து வந்திருக்கிறது. நோயும் கூடவே வளர்ந்து வந்திருக்கிறது.

நம்மிடையே இது இவ்வளவு பரவியதற்கு உடலமைப்பு ஒரு காரணம். பார்வைக்கு ஒல்லியாக இருக்கும் இந்தியர்களிடமும் வயிற்றைச் சுற்றியும் கல்லீரலிலும் கொழுப்பு சேர்ந்திருப்பதும், தசை குறைவாக இருப்பதும் பல ஆய்வுகளில் தெரியவந்த செய்தி. அதனால்தான் மேற்கத்தியர்களுக்கு உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் உடல் பருமன் குறியீடு (பிஎம்ஐ) 25 ஐத் தாண்டினால் எடை கூடுதல் என்று கொள்ளும்போது நமக்கு 23 லேயே எச்சரிக்கை தொடங்குகிறது. இடுப்புச் சுற்றளவில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் வரம்பு. சாப்பிட்ட உணவிலிருந்து இரத்தத்தில் கலக்கும் குளுக்கோஸின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ள வேண்டியது தசை. தசை குறைந்து, கொழுப்பு நிறைந்த கல்லீரல் இன்சுலின் சொல்லைக் கேளாமல் தானும் சர்க்கரையை வெளியே விட்டுக்கொண்டிருந்தால், கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கும். ஒரு கட்டத்தில் அதுவும் தளரும். இரண்டாம் வகை நீரிழிவின் கதை சுருக்கமாக இதுதான். முதல் வகை வேறு; அதில் இன்சுலின் சுரப்பே ஏறக்குறைய நின்றுபோகிறது, ஊசி இல்லாமல் ஒரு நாளும் தள்ள முடியாது. இக்கட்டுரை பேசுவது பெரும்பான்மையோருக்கு இருக்கும் இரண்டாம் வகையைப் பற்றி.

மற்றொரு காரணம் தட்டில் இருக்கிறது. இந்தியர்கள் உண்ணும் மொத்தக் கலோரியில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று அதே ஆய்வுக் குழுவினர் கணித்திருக்கிறார்கள். தமிழ் வீடுகளில் இதன் பொருள் முதன்மையாக அரிசி. 'சுகர்' என்று நோய்க்குப் பெயர் வைத்துவிட்டதால், காபியில் போடும் சர்க்கரையை நிறுத்தியதும் பாதிக் கடமை முடிந்தது என்ற நினைப்பு நம்மிடம் ஆழமாக ஊன்றிவிட்டது. ஒரு சின்னக் கணக்கைப் பார்க்கலாம். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை சுமார் 5 கிராம். ஒரு டம்ளர் அரிசியை 150 கிராம் என்று வைத்துக்கொண்டால் அதில் சுமார் 115 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. செரித்து முடிந்ததும் அதுவும் குளுக்கோஸ்தான். மதியம் ஒருவர் ஒரு டம்ளர் அரிசிச் சோறு சாப்பிடுகிறார் என்றால், இருபது தேக்கரண்டிக்கு மேற்பட்ட சர்க்கரைக்கு நிகரான மாவுச்சத்து ஒரே வேளையில் உள்ளே போகிறது. புழுங்கல் அரிசி பச்சரிசியைவிடச் சற்று மெதுவாகச் செரிக்கும் என்பது உண்மையே. ஆனால் அளவு கைமீறிப் போனால் அந்த மெதுவும் கைகொடுக்காது.

இங்கேதான் முதல் தவறான மாற்றம் வீட்டுக்குள் வருகிறது. "இனிமே ராத்திரி சப்பாத்திதான்" என்று மனைவி அறிவிக்கிறார். கோதுமை மாவு, அரிசி, கேழ்வரகு ஆகிய மூன்றையும் எடை வைத்துப் பார்த்தால் 100 கிராமுக்கு 65 முதல் 80 கிராம் வரை மாவுச்சத்து கொண்டவையே. கோதுமையிலும் கேழ்வரகிலும் நார் சற்றுக் கூடுதல் என்பது அனுகூலம். ஆயினும் மூன்று இட்லிக்குப் பதிலாக உருளைக்கிழங்குக் குருமாவோடு ஐந்து சப்பாத்தி சாப்பிடுபவர் எதையும் மாற்றவில்லை, தானியத்தின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். நன்றாக அரைத்துக் கரைத்த கேழ்வரகுக் கூழ் குடித்த பிறகு சோதித்துப் பார்த்தவர்களுக்கு இது அனுபவத்தில் தெரிந்திருக்கும்: மாவு எவ்வளவு மசிகிறதோ அவ்வளவு விரைவாக அது சர்க்கரையாகிறது. சிறுதானியங்களைப் பற்றி இப்போது கிளம்பியிருக்கும் பெருமுழக்கத்தில் பாதியை விளம்பரக் கணக்கில் எழுதிவிடலாம். எந்தத் தானியம் என்பதைவிட எவ்வளவு தானியம், அதோடு கூட என்ன என்பவையே முதலில் கேட்க வேண்டிய கேள்விகள்.

ஆகவே மாற்றம் தொடங்க வேண்டிய இடம் தட்டு அன்று, உலை. இருவர் இருக்கும் வீட்டில் மதியத்துக்கு ஒன்றரை டம்ளர் அரிசி போடுவது வழக்கமாக இருந்தால், முக்கால் டம்ளராகக் குறைப்பது என்று இருவரும் சேர்ந்து ஒரு நாள் முடிவெடுக்க வேண்டும். சோறு பானையில் மிகுந்திருக்கும்போது கரண்டியைக் கட்டுப்படுத்துவது யாருக்கும் இயலாத காரியம். வடித்ததே அவ்வளவுதான் என்னும்போது பேச்சுக்கே இடமில்லை. குறைந்த சோற்றின் இடத்தை வேறொன்று நிரப்பியாக வேண்டும், இல்லையென்றால் நான்கு மணிக்குப் பசி எடுத்து முறுக்கு டப்பா திறக்கும். அவரைக்காய், கொத்தவரங்காய், புடலங்காய், வாழைப்பூ என்று ஏதேனும் ஒரு பொரியல் இப்போது ஒரு கரண்டி தொட்டுக்கொள்ளும் அளவில் இருக்கிறது. அது சோற்றைவிட அதிகமாக, தட்டில் பாதியை அடைத்துக்கொள்ளும்படி வர வேண்டும். சாம்பாரில் பருப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். முட்டை, மீன், சுண்டல், பயறு, மோர் ஆகியவற்றில் ஏதோ ஒன்று ஒவ்வொரு வேளையிலும் இருக்க வேண்டும். பொரியலையும் பருப்பையும் முதலில் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றுக்கு வந்தால், அதே உணவுக்குச் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது என்பதைச் சிறிய அளவிலான சோதனைகள் காட்டியிருக்கின்றன. செலவில்லாத உத்தி என்பதால் செய்து பார்ப்பதில் நட்டம் ஏதுமில்லை. இட்லி மாவில்கூட இடம் இருக்கிறது. நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று ஊறவைப்பவர்கள் மூன்றுக்கு ஒன்று, இரண்டரைக்கு ஒன்று என்று மெல்ல இறங்கிவரலாம். இட்லி சற்று மாறும். பஞ்சு போலத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு ஓரிரு வாரம் பழக வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் எழுதும்போது காசைப் பற்றிப் பேசாமல் போனால் அது வசதியுள்ளவர்களுக்கான அறிவுரையாகிவிடும். தமிழ்நாட்டில் 2011 சூன் மாதத்திலிருந்து நியாயவிலைக் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசியைப் போக்கியதில் அதன் பங்கை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் மாதக் கடைசியில் கையில் காசில்லாத வீட்டில் வயிற்றை நிரப்புவது அரிசியாகவே இருக்கும் என்பதும் அதே உண்மையின் மறுபக்கம். மீனும் பழமும் நாள்தோறும் வாங்கச் சொல்வது அங்கே எடுபடாது. அதே கடையில் மானிய விலையில் கிடைக்கும் துவரம் பருப்பு, ஒரு கட்டு முருங்கைக்கீரை, ஊறவைத்த மொச்சை, ஒரு முட்டை என்ற அளவில்தான் அங்கே தொடங்க முடியும், தொடங்கினால் போதும்.

'தனிச் சமையல்' என்பது பெரும்பாலான வீடுகளில் இந்த ஏற்பாடு முறிந்துபோகும் இடம். நமக்குப் பத்தியம் என்றொரு பழைய கருத்து இருக்கிறது. மருந்து உண்ணும் காலத்தில் நோயாளிக்கு மட்டும் புளி, காரம் தள்ளித் தனியாகச் சமைத்துத் தருவார்கள்; ஒரு மண்டலமோ அரை மண்டலமோ கழிந்ததும் மறுபத்தியம் முடித்துப் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அறியாமலே நீரிழிவையும் நாம் இந்தச் சட்டகத்துக்குள் வைத்துவிடுகிறோம். முதல் நாற்பத்தெட்டு நாட்கள் வீடே அமர்க்களப்படுகிறது. பாகற்காய் சாறு, வெந்தயத் தண்ணீர், ஓட்ஸ் கஞ்சி. கணவருக்குத் தனிக் கிண்ணத்தில் கீரை, மற்றவர்களுக்கு வழக்கம்போல் புளியோதரையும் அப்பளமும். ஒரே மேசையில் ஒருவர் மட்டும் தண்டனை அனுபவிப்பவரைப் போல உட்கார்ந்திருக்கும் இந்த ஏற்பாடு மூன்றாம் மாதத்தைத் தாண்டுவது அரிது. நோய் முடியாததால் பத்தியமும் முடிவதில்லை. முடியாத பத்தியத்தை எவராலும் காக்க இயலாது. சமைக்கிறவருக்கும் இரட்டை வேலை. வீட்டுக்கே ஒரு சமையல் என்று மாறும்போதுதான் அது பத்தியம் என்ற பெயரை இழந்து சாப்பாடு என்ற பெயரைப் பெறுகிறது. நீரிழிவு உள்ளவருக்கு ஏற்றதாகச் சொல்லப்படும் உணவில் மற்றவர்களுக்கு ஆகாதது என்று எதுவுமில்லை.

துணையின் நடத்தைக்கு வருவோம். காவல் காப்பதும் துணை நிற்பதும் வெளிப்பார்வைக்கு ஒன்று போலவே தோன்றும். "இன்னொரு தோசை வேண்டாங்க" என்ற ஒரே வாக்கியம், சொல்லும் தொனியையும் கேட்கும் ஆட்களையும் பொறுத்து இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். விருந்தாளிகள் முன்னிலையில் அதைச் சொன்னால், கணவர் தோசையைத் தட்டில் வாங்கிக்கொள்ளாமல் இருக்கக்கூடும். மாலையில் தெருமுனைக் கடையில் இரண்டு வடையும் சர்க்கரை தூக்கலான டீயும் அந்தக் கணக்கை நேர் செய்துவிடும். வீட்டில் சாப்பிட்டதை மட்டும் வைத்துக் கணக்குப் பார்க்கும் மனைவிக்கு, இவ்வளவு செய்தும் சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்பது விளங்காத புதிராகிறது. மருத்துவரும் மாத்திரையைக் கூட்டுகிறார். அமெரிக்காவில் நீரிழிவு உள்ளவர்களையும் அவர்களுடைய துணைகளையும் நாள்தோறும் குறிப்பு எழுதவைத்து நடத்திய ஆய்வுகளில் இதே பாங்கு வெளிப்பட்டது: துணை ஆதரவாக நடந்துகொண்ட நாட்களில் நோயாளி உணவுக் கட்டுப்பாட்டை நன்றாகப் பின்பற்றினார், நச்சரிப்பும் அழுத்தமும் இருந்த நாட்களில் அது தளர்ந்தது.

துணையின் ஆதரவு எல்லாவற்றையும் சாதித்துவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. 2016 இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு, தம்பதிகளைத் தொலைபேசி வழியாக ஒன்றாகப் பயிற்றுவிப்பதையும் நோயாளியை மட்டும் பயிற்றுவிப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தது. ஒட்டுமொத்தமாக எல்லாப் பிரிவினருக்குமே சர்க்கரை இறங்கியது. தொடக்கத்தில் மிக மோசமாகவும் இல்லாமல் மிக நன்றாகவும் இல்லாமல் நடுவில் இருந்தவர்களிடம்தான் தம்பதிப் பயிற்சி கூடுதல் பலன் காட்டியது. இது எனக்கு வியப்பளிக்கவில்லை. திருமணங்கள் ஒரே மாதிரி இருப்பதில்லை. முப்பது ஆண்டுகளாகப் பேச்சு குறைந்துபோன ஒரு வீட்டில் சர்க்கரையைக் கருவியாகக் கொண்டு நெருக்கத்தை வரவழைத்துவிட முடியாது.

காவல் மனப்பான்மை மிகவும் கூர்மையாக வெளிப்படும் பொருள், விரலில் குத்திப் பார்க்கும் அந்தச் சின்னக் கருவி. அது 240 என்று காட்டியதும் விசாரணை தொடங்குகிறது: நேற்று என்ன சாப்பிட்டீர்கள், யார் வீட்டுக்குப் போனீர்கள். ஒரு நேரத்து அளவைத் தூக்கமின்மையும் சளிக் காய்ச்சலும் மன உளைச்சலும்கூட ஏற்றிவிடும் என்பதால், அந்த எண்ணை நடத்தைச் சான்றிதழாகப் படிப்பது பல நேரங்களில் தவறு. இரத்தச் சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளப்பதும், அந்த அணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதை அடிப்படையாகக் கொண்டதுமான ஹெச்பிஏ1சி சோதனை கடந்த மூன்று மாதச் சராசரியைச் சொல்கிறது. பலருக்கும் 7 விழுக்காட்டுக்குக் கீழே என்பது இலக்கு, வயதையும் பிற நோய்களையும் பொறுத்து மருத்துவர் அதைத் தளர்த்துவார். வீட்டுக் கருவிக்கு வேறு நல்ல பயன் இருக்கிறது. சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்து, நேற்றைய பொங்கலுக்கு எவ்வளவு, இன்றைய அடைக்கு எவ்வளவு என்று இருவரும் சேர்ந்து குறித்துவைத்தால், எந்த உணவு இந்த உடம்புக்கு ஒத்துவருகிறது என்பது பதினைந்து நாளில் தெரிந்துவிடும். அப்போது குற்றவாளிக் கூண்டில் நிற்பது பொங்கலே தவிர மனிதர் அல்லர்.

இதுவரை கணவர் நோயாளி, மனைவி துணை என்றே எழுதிவந்திருக்கிறேன். பேச்சுவழக்கில் நாம் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறோம் என்பதே ஒரு பிரச்சினை. மனைவிக்கு நீரிழிவு வரும்போது பல வீடுகளில் அடுப்படியில் எதுவுமே மாறுவதில்லை. கணவருக்குச் சர்க்கரை வந்த வீட்டில் குறைந்த அரிசி, மனைவிக்கு வந்த வீட்டில் அதே ஒன்றரை டம்ளராக வேகிறது; காரணம், தனக்காக மற்றவர்களின் சாப்பாட்டை மாற்றுவது அவருக்கே கூச்சமாக இருக்கிறது. எல்லோருக்கும் பரிமாறிய பின் கடைசியாக அமர்ந்து, பொரியல் தீர்ந்துபோன நிலையில் மிஞ்சிய சோற்றில் மிஞ்சிய குழம்பை ஊற்றி, வீணாகக் கூடாதென்று சாப்பிட்டு முடிக்கிறார். காய்கறி முதலில் தீரும், சோறு கடைசியில் மிஞ்சும் என்ற இந்தப் பரிமாறும் வரிசையே அவருக்கு எதிராக வேலை செய்கிறது. காலை நடைக்கு ஆறு மணிக்குக் கணவர் கிளம்புவார். அந்த நேரத்தில் பால் காய்ச்ச வேண்டும், டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும். வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே என்ற ஆறுதல் வேறு. நின்று சமைப்பதும் தொடர்ந்து முப்பது நிமிடம் வேகமாக நடப்பதும் இதயத்துக்கும் தசைக்கும் ஒன்றல்ல.

கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்து, பிரசவத்துக்குப் பின் அது மறைந்துபோன பெண்களின் நிலை இதைவிடக் கவனத்துக்குரியது. கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைச் சோதனை என்பதைத் தமிழ்நாடு முன்கூட்டியே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பின்னால் இருந்த உழைப்பில் சென்னை மருத்துவர் வீ. சேஷையாவின் பங்கு பெரிது. ஆனால் குழந்தை பிறந்ததும் எல்லோருடைய கவனமும் குழந்தையிடம் போய்விடுகிறது. அப்பெண்ணுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் மறுசோதனை, அதன் பிறகு ஒழுங்காகச் சோதனை என்பதைத் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவர் கணவர். பிரசவித்தவர் அப்போது தூங்கினாலே பெரிய காரியம். கணவரின் உதவி என்பது பத்திரிகையில் வந்த கட்டுரையை வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு முடிவதில்லை. காய் நறுக்குவது, மனைவிக்கான பொரியலை முதலிலேயே எடுத்துவைப்பது, காலையில் ஒரு மணி நேரம் அடுப்பைத் தான் பார்த்துக்கொண்டு அவரை நடக்க அனுப்புவது ஆகியவற்றுக்கு எந்த மருத்துவ அறிவும் தேவையில்லை.

நடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாரத்துக்கு 150 நிமிடம், இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி என்பது பொதுவான பரிந்துரை. தெரியாத ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு. இயங்கும் தசை, இன்சுலினின் தயவு இல்லாமலேயே இரத்தத்திலிருந்து குளுக்கோஸை உறிஞ்சிக்கொள்ளும். எனவே இரவுச் சாப்பாடு முடிந்தவுடன் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தால்கூட அந்த வேளைச் சர்க்கரை ஏற்றம் மட்டுப்படுகிறது. தொலைக்காட்சித் தொடர் பார்த்துக்கொண்டே ஒன்பதரை மணிக்குச் சாப்பிட்டு, பத்து மணிக்குப் படுக்கப் போகும் வீடுகளில், சாப்பாட்டை எட்டு மணிக்கு இழுத்து வந்து பிறகு இருவரும் மொட்டைமாடியில் சற்று உலாவுவது என்ற ஒரே மாற்றம் காலைச் சர்க்கரையில் தெரியும். முட்டி வலிக்காரரும் வேகமாக நடப்பவரும் ஒன்றாகத்தான் நடக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒன்றாகக் கிளம்பினால் போதும், அவரவர் வேகத்தில் போகலாம்.

துணை கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய செய்தி, சர்க்கரை ஏறுவதைவிட இறங்குவதைப் பற்றியது. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் எடுப்பவர்களுக்கு அதிகம். இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போனால் வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி. மேலும் இறங்கினால் பேச்சு குழறும், காரணமில்லாத கோபம் வரும், நினைவு தடுமாறும். அந்நேரத்தில் தனக்கு என்ன நடக்கிறது என்று நோயாளிக்கே புரியாது. பக்கத்தில் இருப்பவர்தான் புரிந்துகொள்ள வேண்டும். விழிப்போடு இருந்தால் மூன்று தேக்கரண்டிக் குளுக்கோஸையோ சர்க்கரையையோ தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி சோதித்து, ஏறாவிட்டால் மீண்டும் கொடுக்க வேண்டும். பிறகு ஏதாவது உணவு. மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். 108 ஐ அழைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை விரதம், சஷ்டி, ஏகாதசி, ரமலான் நோன்பு என்று உண்ணாத நாட்களில் மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொள்வதால் நேரும் விபத்துகள் இவற்றில் கணிசம். விரதம் இருக்கலாமா, இருந்தால் எந்த மாத்திரையை எப்படி மாற்றுவது என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். வெறும் வயிற்றில் மது அருந்துவதும் இதே பள்ளத்தில் தள்ளும்.

துணையின் கண்ணும் காதும் வேறு சிலவற்றுக்கும் பயன்படும். உணர்ச்சி குறைந்த பாதத்தில் முள் குத்தியது தெரியாது. வெயிலேறிய கோயில் பிராகாரத்தில் வெறுங்காலோடு சுற்றி வந்து கொப்புளம் போட்டதும் தெரியாது. உள்ளங்காலைத் தானே குனிந்து பார்க்க முடியாத வயதில், இரவில் ஒரு நிமிடம் விளக்கு வெளிச்சத்தில் துணை பார்த்துவிடுவது ஒரு விரலையோ காலையோ காப்பாற்றக்கூடும். பெருங்குறட்டையும் அதன் நடுவே மூச்சு நின்று திணறி எழுவதும் சர்க்கரையோடு தொடர்புடைய தூக்க நோயின் அடையாளம். குறட்டை விடுபவருக்கு அது கேட்பதில்லை. இன்னொன்று இருவருக்குமே தெரிந்தும் பேசப்படாதது. நீண்டகால நீரிழிவு ஆண்களின் தாம்பத்தியத் திறனைப் பாதிப்பது மிகவும் பரவலானது. நரம்பும் இரத்தக்குழாயும் கெடுவதன் விளைவு அது. கணவர் அதைத் தம் குறையாக எண்ணி விலகிப் போவதும், மனைவி அதை வெறுப்பாக எண்ணி ஒதுங்கிப் போவதும், இரண்டு பேரும் மருத்துவரிடம் சொல்லாமல் இருப்பதும் சேர்ந்து பல வீடுகளில் ஒரு நெடிய மௌனத்தை உண்டாக்கியிருக்கின்றன. சிகிச்சை உள்ள பிரச்சினை இது. இதய இரத்தக்குழாய் அடைப்பின் முன்னறிவிப்பாகவும் இருக்கக்கூடும் என்பதால் சொல்லியே ஆக வேண்டிய பிரச்சினையும்கூட.

இவ்வளவும் செய்தால் எவ்வளவு பலன் என்ற கேள்விக்குச் சென்னையிலிருந்தே ஒரு விடை உண்டு. டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசலில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய தடுப்பு ஆய்வு 2006 இல் வெளியானது. எந்தத் தலையீடும் இல்லாதவர்களில் மூன்றாண்டுகளில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்குள் விழுந்தார்கள். உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் அது 39.3 விழுக்காடு. மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன். நோய் வந்துவிட்டவர்களைப் பொறுத்தவரை, 2017 இல் பிரிட்டனில் வெளியான ஆய்வொன்று, நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்த பருத்த உடலினரிடம் கடுமையான உணவுக் குறைப்பால் ஓராண்டில் 46 விழுக்காட்டினர் மருந்தில்லாத நிலையை எட்டியதைக் காட்டியது. 15 கிலோவுக்கு மேல் எடை இழந்தவர்களிடம் அது 86 விழுக்காடு. ஆனால் இரண்டாம் ஆண்டில் ஒட்டுமொத்த அளவு 36 ஆக இறங்கியது. திரும்பி வந்த எடை நோயையும் கூட்டி வந்தது. ஆகவே அதைக் குணம் என்று சொல்லாமல் தணிவு என்று சொல்வதே சரி.

இந்த எண்களைக் காட்டி 'மாத்திரையை நிறுத்துங்கள்' என்று அழைக்கும் விளம்பரங்கள் இப்போது கைபேசியில் நாளுக்கு நாலு வருகின்றன. நாவல்கொட்டைப் பொடியும் ஆவாரம்பூக் கஷாயமும் சாப்பாட்டின் பக்கத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். மாத்திரையின் இடத்துக்கு அவற்றை ஏற்றக் கூடாது. மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் சோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் எடுக்கும் முடிவு. மறுபக்கம், எல்லாம் ஒழுங்காகச் செய்தும் ஆண்டுகள் போகப் போக மருந்து கூடுவதும் இன்சுலின் தேவைப்படுவதும் உண்டு. கணையத்தின் இயல்பான தளர்ச்சி அது. அந்நாளில் கணவரையோ மனைவியையோ பார்த்து "நீங்க வாயைக் கட்டியிருந்தா இப்படி ஆகுமா" என்று கேட்பதைப் போன்ற அநியாயம் வேறில்லை.

கனடாவிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2014 இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, துணைக்கு நீரிழிவு இருந்தால் மற்றவருக்கும் அது வரும் வாய்ப்பு 26 விழுக்காடு கூடுகிறது என்று கண்டார்கள். இருவருக்கும் இரத்த உறவு இல்லை. ஒரே உலைச் சோறும் ஒரே சோபாவும்தான் உறவு. அப்படியிருந்தும் நம் ஊர் இரத்தப் பரிசோதனை நிலையங்களில் காலை ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தால், கணவர் கையை நீட்டிக்கொண்டிருப்பார். மனைவி மருந்துப் பையையும், சோதனை முடிந்ததும் அவர் சாப்பிடுவதற்கான இட்லி டப்பாவையும் மடியில் வைத்துக்கொண்டு பக்கத்துப் பெஞ்சில் காத்திருப்பார். சாப்பிட்ட பின் எடுக்கும் இரண்டாவது இரத்தத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது. அதற்குள் அவரும் ஒரு ரசீது போட்டுக் கையை நீட்டிவிடலாம். கணவரைக் கூட்டிவரும் அவசரத்தில் அவரும்தான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறார்.